சில்லு வைத்த வீட்டுக்கு வயரிங்: வாசகர் கேள்வி பதில்

ஓகஸ்டில் வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வரும் காலம் நெருங்க, கரவன் வண்டிகள் பற்றிய கடிதங்கள் கூடிவிட்டன. உழவு இயந்திரப் பெட்டியின் சேசிஸில் கட்டியது, பட்டா லொறியில் கூடு அடித்தது, திருவிழாவுக்குக் கொண்டுபோகும் கடை வண்டி என்று வகை பல. எல்லாக் கடிதத்திலும் மின்சாரம் பற்றியே கேள்வி. அவசரமானதை முதலில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வீட்டு பிளக்கிலிருந்து நீட்டு வயர் போட்டு கரவனுக்குக் கரண்ட் எடுக்கிறோம். மழை பெய்த மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொட்டால் விறுவிறுக்கிறது. செருப்புப் போட்டால் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். பயப்பட வேண்டுமா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பயப்பட வேண்டும் அம்மா. இதை வாசித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு, வண்டியில் கை படாமல், வீட்டுப் பக்கத்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். காரணம் தெரியும்வரை திரும்பப் போட வேண்டாம்.

கரவன் ரப்பர் சில்லில் நிற்கிறது. அதன் தகரத்துக்கும் மண்ணுக்கும் தொடர்பு கிடையாது. உள்ளே எங்கோ லைவ் கம்பி வண்டியின் உடம்பில் படுகிறது, அல்லது சார்ஜர், ரீவி போன்றவற்றிலிருந்து சிறு கசிவு வருகிறது. ஏர்த் கம்பி சரியாக இருந்தால் அந்தக் கசிவு கம்பி வழியே போய்விடும், கசிவு பெரிதானால் ட்ரிப் சுவிட்ச் (கசிவை உணர்ந்து கரண்டை வெட்டும் சுவிட்ச்) விழும். ஏர்த் அறுந்திருப்பதால்தான் அது உங்கள் உடம்பு வழியே மண்ணுக்குப் போகப் பார்க்கிறது. இன்று விறுவிறுப்பாக இருப்பது நாளை பிடித்த கையை விட முடியாத அடியாக மாறலாம். மழையும் வெறுங்காலும் சேர்ந்தால் உடம்பின் தடை வெகுவாகக் குறையும்.

முதலில் நீட்டு வயரைப் பாருங்கள். உங்கள் அறிகுறிக்கு அதிகம் காரணமாவது இரண்டு கோர் வயர்தான்: பிளக்கில் மூன்று கால் இருக்கும், உள்ளே ஏர்த் கம்பியே இருக்காது. மூன்று கால் பிளக்கை இரண்டு துளைக்குள் செருக உதவும் அடப்டரும் அதே வேலையைச் செய்யும். இரண்டையும் தூக்கி எறியுங்கள். மூன்று கோர், 2.5 சதுர மில்லிமீற்றர் ரப்பர் வயர், 25 மீற்றருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். அடுத்து, கரவனின் சேசிஸ், வெளித்தகடு, காஸ் குழாய் எல்லாம் 4 சதுர மில்லிமீற்றர் பச்சை மஞ்சள் கம்பியால் உள்ளே உள்ள ஏர்த் கட்டையோடு இணைந்திருக்க வேண்டும். போல்ற் பூட்டும் இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள்.

கடைசியாக வீட்டு ஏர்த். நமது நாட்டில் அநேகமாக ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த ஏர்த் கம்பம்தான். கோடையில் வன்னி மண் காய்ந்ததும் அதன் தடை ஏறிவிடும். 100 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட் வண்டியின் உடம்பில் பட்டால் ஏர்த் வழியே ஓடுவது 2.3 அம்பியர் மட்டுமே. 16 அம்பியர் பிரேக்கர் அசையாது, தகரம் முழுவதும் லைவாகவே நிற்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதே 2.3 அம்பியருக்கு உடனே விழும். ஆகவே ட்ரிப் சுவிட்ச் வீட்டிலும் வேண்டும், கரவனுக்குள்ளும் தனியாக வேண்டும்.

உரிமம் பெற்ற வயர்மனை அழைத்து ஏர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மல்ற்றிமீற்றர் 230 காட்டுவது மட்டும் சாட்சியல்ல, பழுதான ஏர்த்திலும் அது அப்படியே காட்டும். லூப் ரெஸ்ரர் (ஏர்த் வழியின் தடையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர் நல்லது. அது இல்லாதவர்கள் 15 வாட் குண்டு பல்பை லைவுக்கும் ஏர்த்துக்கும் நடுவே தொட்டுப் பார்ப்பார்கள். 65 மில்லி அம்பியர் அளவு ஓடுவதால் ட்ரிப் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் ஏர்த் இல்லை, அல்லது ட்ரிப் சுவிட்ச் பழுது. அந்த நேரம் வண்டியை யாரும் தொடக் கூடாது. இது வயர்மன் செய்கிற வேலை, வீட்டார் செய்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: 14 அடிக்கு கரவன் கட்டியுள்ளோம். சுவர் பிளைவூட், நடுவில் ரிஜிஃபோம், வெளியே அலுமினியத் தகடு. வீட்டு வயரிங் செய்கிறவர்தான் வயர் இழுத்தார். லைற்றுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67. போதுமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பிளக்குக்குப் போட்டது இருக்கலாம், அதுவும் குழாய்க்குள் இருந்தால் மட்டும். லைற்றுக்குப் போட்டதைக் கழற்றுங்கள்.

1/1.13 என்பது ஒற்றைச் செம்புக் கம்பி, 1 சதுர மில்லிமீற்றர். வீட்டுச் சுவர் அசையாது என்பதால் அங்கே அது பல காலம் நிற்கும். கிரவல் றோட்டில் ஓடும் வண்டியில் ஸ்குறூ இறுக்கிய கழுத்திலேயே மடிந்து மடிந்து ஒடிந்துவிடும். கரவனுக்குக் குறைந்தது 1.5 சதுர மில்லிமீற்றர், குறைந்தது ஏழு பிரி இருக்க வேண்டும். 7/0.67 என்றால் ஏழு பிரி, ஏறத்தாழ 2.5 சதுர மில்லிமீற்றர். பிவிசி குழாய்க்குள் போனால் ஏற்கலாம். அதைவிட 50/0.25 போன்ற நுண்பிரி வயர் நல்லது.

ரிஜிஃபோமோடு வயர் நேரே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிவிசி உறையை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளை ரிஜிஃபோம் உறிஞ்சும். ஃபோம் கரைந்து குழியும், வயரின் உறை காய்ந்து வெடிக்கும். இரண்டாவது கேடு சூடு. நாலு பக்கமும் ஃபோம் மூடிய வயர் திறந்த வயரின் பாதி அம்பியரைத்தான் பத்திரமாகத் தாங்கும். உச்சி வெயிலில் தகரக் கூடு சுட்டுக்கொண்டிருக்கும் ஊரில் அந்தப் பாதியும் முழுதாகக் கிடைக்காது. 20 மில்லிமீற்றர் குழாய் போட்டு வயரை அதற்குள் கொண்டுபோங்கள். குழாய் இல்லாத இடத்தில் கிடையாக ஓடும் வயருக்கு 25 சென்ரிமீற்றருக்கு ஒன்று, நிமிர்ந்து ஓடும் வயருக்கு 40 சென்ரிமீற்றருக்கு ஒன்று என்று கிளிப் அடியுங்கள். 12 வோல்ட் வயரும் 230 வோல்ட் வயரும் ஒரே குழாய்க்குள் போகக் கூடாது. சுவர் மூடமுன் வயர் போகும் வழியைப் படம் எடுத்து வையுங்கள், பிறகு அலுமாரி பூட்ட ஸ்குறூ அடிக்கும்போது உதவும்.

இனி மூட்டுகள். கரவன் தீயில் பெரும் பங்கு தளர்ந்த மூட்டுக்குத்தான். வயரை முறுக்கி ரேப் சுற்றிய மூட்டில் 0.3 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 10 அம்பியர் ஓடினால் அந்த இடத்தில் மட்டும் 30 வாட் சூடு. ஈயம் உருக்கும் சோல்டரிங் அயனின் சூடு அது, பிளைவூட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவில். ஓடும் கரண்ட் கூடவில்லை, ஆகவே பிரேக்கரும் விழாது, ஃபியூஸும் போகாது. வெயிலில் ரேப்பின் பசை இளகி, மூட்டு திறந்தும் விடும். மூட்டு எல்லாம் பெட்டிக்குள், திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். நுண்பிரி வயரின் முனைக்கு ஃபெரூல் (சிறு உலோகக் குழல்) போட்டு, கருவியால் அழுத்திக் கிறிம்ப் செய்து ஸ்குறூவில் இறுக்குங்கள். முனையில் ஈயம் பூசி இறுக்குவது பலரின் பழக்கம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல ஒழுகும், சில மாதத்தில் ஸ்குறூ தானே தளர்ந்துவிடும்.

பெட்டியில் இருக்க வேண்டியவை: லைவையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்று, லைற்றுக்கு 6 அம்பியர் பிரேக்கர், பிளக்குக்கு 16 அம்பியர் பிரேக்கர். பிரேக்கர்களும் இரண்டு கம்பியையும் வெட்டும் வகையாகவே இருக்கட்டும். வண்டி போகும் இடத்தில் எந்த பிளக்கில் லைவ் எந்தப் பக்கம் என்பது உங்கள் கையில் இல்லை. இன்வேர்ட்டரும் இருந்தால், வெளிக் கரண்ட், இன்வேர்ட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். இரண்டும் ஒரே கம்பியில் சந்தித்தால் இன்வேர்ட்டர் எரியும். கரண்ட் நின்ற வேளையில் லைனில் வேலை செய்யும் மின்சார சபை ஊழியரின் உயிருக்கும் ஆபத்து.

கேள்வி: 12 வோல்ட் லைனில் 10 அம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போனது. கராஜில் 30 போட்டுத் தந்தார்கள், இப்போது போவதில்லை. ஆனால் ஓடும்போது ஒரு பிளாஸ்ரிக் வாசம் வருகிறது.
— வாசகர், கிளிநொச்சி

பதில்: அந்த வாசம் வயர் எரியும் வாசம். இன்றே அந்த 30 அம்பியர் பச்சை ஃபியூஸைக் கழற்றுங்கள்.

ஃபியூஸ் காப்பது லைற்றையோ ஃபானையோ அல்ல, வயரை. ஆகவே வயரின் பருமனைப் பார்த்துத்தான் ஃபியூஸ். 1 சதுர மில்லிமீற்றருக்கு 10 அம்பியர், அதாவது சிவப்பு. 1.5 என்றால் 15, நீலம். 2.5 என்றால் 20, மஞ்சள். 30 அம்பியர் பச்சைக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயராவது வேண்டும். உங்கள் வண்டியில் இப்போது வயரே ஃபியூஸாக நிற்கிறது.

ஷோர்ட் எங்கே என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்றுண்டு. ஃபியூஸைக் கழற்றி, அந்த இரண்டு காலுக்கும் நடுவே 12 வோல்ட் 21 வாட் இண்டிகேற்றர் பல்பை மாட்டுங்கள். லைனில் ஷோர்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அது இரண்டு அம்பியருக்கு மேல் விடாது, ஆகவே வயர் சுடாது. இனி லைற், ஃபான், பம்ப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அந்தக் கிளையில்தான் பழுது. எல்லாம் கழற்றியும் எரிந்தால் வயரைக் கையால் அசைத்துப் பாருங்கள். பல்பு மினுங்கும் இடத்தில் தேடுங்கள். அநேகமாகச் சேசிஸின் துளை வழியே ரப்பர் வளையம் இல்லாமல் போன இடம், கதவுப் பிணைச்சல், அல்லது அலுமாரி ஸ்குறூ துளைத்த இடம்.

கேள்வி: சோலார் பனலோடு 1000 வாட் இன்வேர்ட்டர் வைத்திருக்கிறோம். மிக்ஸி போட்டால் பற்றரி வயர் கையில் சுடுகிறது, இன்வேர்ட்டர் கீச்சிட்டு நிற்கிறது. பற்றரி பழுதா?
— வாசகர், வவுனியா

பதில்: வயரின் பருமனை எழுதவில்லை. அறிகுறியைப் பார்த்தால் 6 சதுர மில்லிமீற்றர் போலிருக்கிறது, வீட்டு மெயினுக்குப் போதுமே என்று பலர் போடுவது அதுதான்.

வீட்டில் 1000 வாட்டுக்கு நாலரை அம்பியர் கூட வராது. 12 வோல்ட்டில் இன்வேர்ட்டரின் இழப்பும் சேர ஏறத்தாழ 95 அம்பியர். இரண்டு மீற்றர் தூரம், போக வர நாலு மீற்றர் 6 சதுர மில்லிமீற்றர் வயரில் இது ஓடினால் 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும், 100 வாட்டுக்கு மேல் வயரிலேயே சூடாகும். வோல்ட் குறைந்ததும் இன்வேர்ட்டர் அதே வேலைக்கு இன்னும் கூட அம்பியர் இழுக்கும், பிறகு குறைந்த வோல்ட் என்று கீச்சிட்டு நிற்கும். பற்றரி நன்றாக இருந்தாலும் இதேதான் நடக்கும்.

35 சதுர மில்லிமீற்றர் வெல்டிங் வகை நுண்பிரி வயர் போடுங்கள், இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் வந்துவிடும். இன்வேர்ட்டரைப் பற்றரிக்கு எவ்வளவு கிட்ட வைக்கலாமோ அவ்வளவு நல்லது, ஆனால் ஈயப் பற்றரியின் நேர் மேலே வேண்டாம். வயர் முனையில் பூட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி இறுக்கக் கூடாது, ஹைட்ரோலிக் கிறிம்ப் உள்ள கடையில் அழுத்திக்கொள்ளுங்கள். பற்றரிக் காலில் லக் நேரே செம்பும் ஈயமுமாகப் படிய வேண்டும், வாஷர் அதற்கு மேலேதான். பற்றரியின் பொசிற்றிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 125 அம்பியர் ஃபியூஸ். ஃபியூஸுக்கு முன் உள்ள துண்டு வயரைக் காக்க எதுவும் இல்லை, அதனால்தான் தூரம் குறைய வேண்டும். 100 அம்பியர் மணிப் பற்றரி ஷோர்ட்டானால் ஆயிரம் அம்பியருக்கு மேல் கொட்டும். லித்தியம் பற்றரி என்றால் அந்த வேகத்தை வெட்டக்கூடிய ரி வகுப்பு (Class T) ஃபியூஸ் கேட்டு வாங்குங்கள்.

சோலாரில் வீட்டு ஏசி கரண்டுக்கான பிரேக்கரைப் போட்டிருந்தால் டிசி வகைக்கு மாற்றுங்கள். டிசி கரண்டின் பொறி தானாக அணையாது, பிரேக்கருக்குள்ளேயே எரிந்துகொண்டிருக்கும். சோலார் சார்ஜ் கொன்ட்றோலருக்கு முதலில் பற்றரியை இணைக்க வேண்டும், பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல்.

கேள்வி: வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடு ஆவணித் திருநாளுக்கும் கடை வண்டி கொண்டுபோவோம். ஜெனரேற்றரில் ட்ரிப் சுவிட்சின் ரெஸ்ற் பொத்தானை அழுத்தினால் விழுகிறது. ஆனால் வயர்மன் பல்பை ஏர்த்தில் தொட்டபோது விழவுமில்லை, பல்பு எரியவுமில்லை. ட்ரிப் சுவிட்ச் பழுதா?
— வாசகர், முள்ளியவளை

பதில்: பழுதில்லை. ரெஸ்ற் பொத்தான் உள்ளே லைவையும் நியூட்ரலையும் ஒரு தடையால் இணைத்துப் பார்ப்பது. ஏர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

சிறு ஜெனரேற்றர்களில் நியூட்ரல் எதோடும் சேராமல் மிதந்து நிற்கும். கசிந்த கரண்ட் மண் வழியே திரும்பி வர வழி இல்லாததால் ட்ரிப் சுவிட்சுக்கு வித்தியாசமே தெரிவதில்லை. ஒரு பழுது மட்டும் இருக்கும்வரை அடி விழாது. இரண்டாவது பழுது வேறொரு கம்பியில் வந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை. பல கடைகள் ஒரு ஜெனரேற்றரில் தொங்கும் திருவிழாவில் இரண்டாவது பழுது வருவது அதிசயமல்ல.

ட்ரிப் சுவிட்ச் வேலை செய்ய, அதற்கு முன்னால், ஜெனரேற்றர் பக்கத்தில் நியூட்ரலையும் ஜெனரேற்றரின் உடம்பையும் ஓரிடத்தில் இணைத்து, ஏர்த் கம்பம் அடிக்க வேண்டும். எல்லா ஜெனரேற்றரும் இதற்கு இடம் தராது, அதன் கையேட்டைப் பார்த்து வயர்மன்தான் செய்ய வேண்டும். இணைப்பை ஜெனரேற்றருக்கென்று ஒதுக்கிய பிளக்கில் செய்து, சிவப்பு ரேப் சுற்றி, அதை ஜெனரேற்றரோடேயே கட்டி வையுங்கள். அதே பிளக்கை மின்சார சபை லைனில் ஒருபோதும் செருகக் கூடாது.

ஜெனரேற்றர் வண்டியிலிருந்து குறைந்தது ஆறு மீற்றர் தள்ளி, புகை காற்றோடு விலகிப் போகும் பக்கம். சுட்டுக்கொண்டிருக்கும்போது பெற்றோல் ஊற்ற வேண்டாம். றீலில் சுற்றிய வயரை முழுதாக இழுத்து விரியுங்கள். விரித்தால் 13 அம்பியர் தாங்கும் றீல், சுற்றியபடி ஐந்து அம்பியர் அளவுதான் தாங்கும், உள் சுற்று உருகி ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: கனடாவில் தம்பி பழைய கரவன் ரெயிலர் வாங்கியிருக்கிறான். முற்றத்தில் 30 அம்பியர் பிளக் போட ஆள் பிடித்திருக்கிறானாம். இங்கிருந்து என்ன சொல்லலாம்?
— வாசகர், மாங்குளம்

பதில்: ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: அது 120 வோல்ட் பிளக். அங்கே 30 அம்பியர் என்றதும் உடுப்புக் காயவைக்கும் மெஷினின் 240 வோல்ட் பிளக் என்று நினைத்து வயர் செய்கிற எலெக்ரீஷியன்கள் உண்டு. மூன்று காலும் 30 அம்பியரும் ஒன்றுபோலத் தெரிவதால் வரும் தவறு. ரெயிலரைச் செருகியதும் மைக்ரோவேவ், கொன்வேர்ட்டர், ஏசி எல்லாம் போகும், தீயும் பிடிக்கலாம். ரெயிலர் பிளக்கின் பெயர் ரிரி 30 (TT-30). செருகமுன் மீற்றர் வைத்துப் பார்க்கட்டும்: லைவுக்கும் நியூட்ரலுக்கும் 120, லைவுக்கும் ஏர்த்துக்கும் 120, நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் பூச்சியத்துக்குக் கிட்ட. நாலு கால் 50 அம்பியர் பிளக் வேறு வகை, அதில் 120 உம் 240 உம் இரண்டும் உண்டு. ரெயிலருக்குள் இருக்கும் பெட்டியில் நியூட்ரலையும் ஏர்த்தையும் சேர்க்கக் கூடாது, அங்கே அவை சேர்வது வீட்டு மெயின் பெட்டியில் மட்டும்.

அங்குள்ள பொருளை இங்கே அனுப்பும் யோசனை இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 120 வோல்ட் 60 ஹேர்ட்ஸ் மோட்டார் நமது 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸில் நிற்காது.

கேள்வி: இடம் குறைவு. காஸ் சிலிண்டரையும் பற்றரியையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா?
— வாசகி, பூநகரி

பதில்: கூடாது. காஸ் காற்றை விடப் பாரம், கீழே தேங்கும். ஈயப் பற்றரி சார்ஜ் ஆகும்போது வரும் ஐதரசன் இலேசு, மேலே தேங்கும். பற்றரிக் காலில் ஒரு பொறி போதும். இரண்டுக்கும் தனிப் பெட்டி, வெளியே திறக்கும் காற்றுத் துளை: சிலிண்டருக்கு அடியில், பற்றரிக்கு மேலே. பற்றரியில் அழுகிய முட்டை மணம் வந்தால் சார்ஜரை நிறுத்தி, கதவுகளைத் திறந்து விலகுங்கள். எந்த சுவிட்சையும் வண்டிக்குள் தட்ட வேண்டாம். சார்ஜரை வெளிப் பிளக்கில் நிறுத்துங்கள்.

கேள்வி: ஆறு மாதம் நிறுத்தி வைத்த கரவனை எடுக்கப் போகிறோம். தீயணைப்பு சிலிண்டரும் வாங்க வேண்டும். என்ன பார்ப்பது, எது வாங்குவது?
— வாசகர், அடம்பன்

பதில்: கரண்ட் கொடுக்கமுன் பிளக் பேஸ்களைக் கழற்றிப் பாருங்கள். நம் பக்கத்தில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும், எறும்பு குடியேறியிருக்கும். பின்புறம் மண்ணிறக் கருகல் இருந்தால் துடைத்துப் பூட்டாமல் பேஸையே மாற்றுங்கள், வயர் முனையையும் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். எலி கடித்த இடம் அடித்தட்டிலும் சிங்கின் கீழும்தான் அதிகம். புழுக்கை கண்ட இடத்தில் வயரை முழு நீளத்துக்கும் பாருங்கள். பிறகு வயர்மனைக் கொண்டு 500 வோல்ட் மெகர் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) போடுங்கள். சார்ஜர், எல்ஈடி, ரீவி எல்லாம் கழற்றிய பிறகுதான். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் கரண்ட் கொடுக்க வேண்டாம். பற்றரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் எல்லா ஸ்குறூவையும் ஒருமுறை இறுக்குங்கள்.

சிலிண்டர் ஏபிசி பவுடர், இரண்டு கிலோ, கதவுக்குப் பக்கத்தில். அடுப்புக்கு மேலே மாட்டினால் தேவையான நேரம் எடுக்க முடியாது. படுக்கும் இடத்துக்கு மேலே கூரையில் ஒரு புகை அலாரம், 9 வோல்ட் பற்றரி வகை போதும். தீ என்றால் முதலில் ஆட்கள் வெளியே, அடுத்து வெளிப் பிளக்கும் பற்றரி சுவிட்சும் நிறுத்தம், பிறகு கதவருகில் நின்று தீயின் அடிக்குப் பவுடர். 230 வோல்ட் நிற்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம். பவுடர் முடிந்தும் தீ அடங்காவிட்டால் விட்டுவிட்டு விலகுங்கள். பிளைவூட்டும் ஃபோமும் சேர்ந்த கூடு சில நிமிடங்களில் முழுதாகப் பிடிக்கும், ஃபோமின் கரும்புகை அதற்கு முன்னமே மூச்சை அடைக்கும். 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தைக் கடைகள் எரிந்ததை எல்லாரும் பார்த்தோம். காடு நடுவே நிற்கும் ஒரு வண்டிக்குத் தீயணைப்பு வாகனம் நேரத்துக்கு வரும் என்று எண்ணி இருக்க முடியாது. காயம் இருந்தால் 1990 அம்புலன்ஸ், மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்சார சபையின் 1987. இரண்டு இலக்கத்தையும் கதவின் உட்புறம் எழுதி ஒட்டி வையுங்கள்.